தராசு பார்க்கப் போகிற வேலை: புதிதாக வருகிறவர்களுக்கு

சேலத்தில் எலக்ட்ரானிக் எடை மிஷின் சர்வீஸுக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். டிப்ளமோவில் இன்ஸ்ட்ருமென்டேஷனோ ஈ.சி.ஈ.யோ முடித்திருப்பீர்கள், இல்லையென்றால் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக். ஆர்டரில் "ஃபீல்டு இன்ஜினியர்" என்று போட்டிருப்பார்கள், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்கும். நடைமுறையில் அதற்கு அர்த்தம் ஒரு பைக், ஒரு முதுகுப்பை, பெட்டியில் இரண்டு எடைக்கல், நாளைக்கு நூறு நூற்றைம்பது கிலோமீட்டர்.

இந்த வேலையைக் கற்றுக்கொள்ள சேலம் மாதிரி ஊர் கிடைப்பது கஷ்டம். செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில் 10 மில்லிகிராமுக்குச் சண்டை நடக்கும். பக்கத்திலேயே லீ பஜாரில் வெல்லமும் பருப்பும் மூட்டைக் கணக்கில் போகும். ஆத்தூர் ரோட்டில் போனால் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்கு மரவள்ளிக்கிழங்கு லாரி 50 டன் வே-பிரிட்ஜில், அதாவது வண்டியோடு எடை போடுகிற மேடையில், ஏறி நிற்கும். மேலே ஏற்காட்டில் காப்பிப் பழம் எடை போடுவார்கள். ஒரே ஆள் ஒரே வாரத்தில் இது எல்லாவற்றையும் தொட வேண்டியிருக்கும்.

1. முதல் மூன்று மாதம் பை தூக்குங்கள்

சீனியர் ஒருவரோடு அனுப்புவார்கள். அவர் மிஷினைப் பார்ப்பதைவிட, மிஷினை அவர் தொடுவதற்கு முன்னால் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நல்ல சீனியராக இருந்தால் முதல் ஐந்து நிமிஷம் எதையும் தொடமாட்டார், சும்மா சுற்றி வருவார், குனிந்து பார்ப்பார், கடைக்காரரிடம் டீ விலையைப் பற்றிப் பேசுவார். எனக்கு அது அப்போது எரிச்சலாக இருக்கும்; நான் மல்டிமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன்.

இந்த நாட்களில் பட்டறையில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது, லோடு செல், மிஷினுக்குள் எடையை உணர்கிற பாகம். அது ஒரு அலுமினியக் கட்டை, அல்லது ஸ்டீல். எடை ஏறினால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளையும். அதில் ஒட்டியிருக்கிற ஸ்ட்ரெயின் கேஜ் (வளைவை உணர்கிற மெல்லிய பட்டை) நான்கும் பிரிட்ஜ் சர்க்யூட்டாகக் கோர்க்கப்பட்டிருக்கும், வளையும்போது அவற்றின் தடை மாறும். பொதுவாக ஒரு வோல்ட்டுக்கு 2 மில்லி வோல்ட் என்ற கணக்கு. நீங்கள் 5 வோல்ட் கொடுத்தால் முழு எடைக்கும் சேர்த்துத் திரும்பி வருவது வெறும் 10 மில்லி வோல்ட். கடையில் இருக்கிற 30 கிலோ மிஷினுக்குள் 40 கிலோ செல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் 5 கிராம் என்பது ஒன்றேகால் மைக்ரோ வோல்ட். இந்த எண்ணை மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். கனெக்டரில் ஒரு எறும்பு செத்துக் கிடந்தால், கொஞ்சம் ஈரம் இருந்தால், சால்டரிங் சரியில்லாமல் இருந்தால், டிஸ்ப்ளேயில் எண் ஏன் நிற்காமல் ஓடுகிறது என்று அப்புறம் நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

ஒயர் கலரை நம்பாதீர்கள். சிவப்பும் கருப்பும் சப்ளை, பச்சையும் வெள்ளையும் சிக்னல் என்று பாடம் சொல்வார்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மீட்டரை வைத்துப் பாருங்கள். சப்ளை ஜோடிக்கு நடுவே பெரும்பாலும் 380லிருந்து 400 ஓம், சிக்னல் ஜோடிக்கு நடுவே 350 பக்கம் காட்டும். நான்கு ஒயரில் எது சப்ளை ஜோடி, எது சிக்னல் ஜோடி என்று இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடிக்கலாம்.

2. பை

ஸ்க்ரூடிரைவர் செட், ஆலன் கீ, சால்டரிங் அயர்ன் எல்லாம் கம்பெனியே கொடுக்கும். கொடுக்காததைச் சொல்கிறேன்: பெயின்ட் அடிக்கிற சின்ன பிரஷ், ஒரு டார்ச், பழைய செய்தித்தாள், முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடி (பிளாட்பாரத்துக்கு அடியில் நுழைத்துப் பார்க்க), ஒரு சின்ன ரசமட்டம், டம்ளர் துடைக்கிற மாதிரி ஒரு காட்டன் துணி. இந்த ஆறும் இல்லாமல் வெளியே போகாதீர்கள். நான் சரி செய்த மிஷின்களில் பாதியைப் பிரஷ்ஷால்தான் சரி செய்திருக்கிறேன்.

எடைக்கல் தனி விஷயம். சோதனைக்குக் கொண்டுபோகிற கல்லும் அரசு சரிபார்த்து முத்திரை போட்டதாக இருக்க வேண்டும், சான்றிதழ் நகல் பையில் இருக்க வேண்டும். சின்னக் கற்களை வெறும் கையால் தொடாதீர்கள், கை எண்ணெய் ஒட்டும். 20 கிலோ வார்ப்பிரும்புக் கல்லைத் தூக்கும்போது முழங்காலை மடக்கித் தூக்குங்கள். இருபத்து மூன்று வயதில் அலட்சியமாகத்தான் இருக்கும், நானும் அப்படித்தான் இருந்தேன், இப்போது மழைக்காலத்தில் இடுப்பு சொல்கிறது.

3. போனிலேயே பாதி வேலை

"மிஷின் ரிப்பேர், உடனே வாங்க" என்று போன் வரும். கிளம்பிவிடாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். எடை வைக்காமலே எண் ஓடுகிறதா, வைத்த பிறகு தப்பாகக் காட்டுகிறதா? எந்த எடையில் தப்பு, ஒரு கிலோவிலேயேவா, இருபதுக்கு மேலா? நேற்றிலிருந்து என்ன மாறியது?

மூன்றாவது கேள்விக்கு எல்லோரும் "ஒண்ணும் மாறலீங்க" என்பார்கள். விடாமல் கேளுங்கள். கடையைக் கழுவினோம், மேஜையை நகர்த்தினோம், மேலே ஃபேன் புதிதாகப் போட்டோம், வெல்டிங் வேலை நடந்தது, பையன் மேலே ஏறி உட்கார்ந்தான் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒருமுறை ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி கால் மணி நேரம் என்னைத் திட்டிவிட்டு, கடைசியில் "நேத்து சாம்பிராணி டப்பாவைத் தட்டுக்கு அடியில் வெச்சேன், அதுவா இருக்குமோ?" என்றார். அதுதான்.

அதே போனில் ரூட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். ஆத்தூர் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். ஒரே ஒரு கம்ப்ளெயின்டுக்காகப் போய் வந்தால் பெட்ரோல் பேட்டாவையே தின்றுவிடும். வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் வழியில் வேறு யாருக்காவது முத்திரைத் தேதி நெருங்குகிறதா என்று பார்த்துச் சேர்த்துப் போங்கள். சங்ககிரி, எடப்பாடி ஒரு நாள், மேட்டூர் பக்கம் ஒரு நாள்.

4. இடத்துக்குப் போனதும் குனியுங்கள்

நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். மிஷின் கெட்டுப் போவதைவிட, மிஷின் நிற்கிற இடம் கெட்டுப் போவதுதான் அதிகம். அதனால் திறப்பதற்கு முன்னால் இந்த வரிசையில் பாருங்கள்: நிற்கிற மேஜை ஆடுகிறதா, ரசமட்டக் குமிழ் நடுவில் இருக்கிறதா, தட்டு எதையாவது உரசுகிறதா, ஃபேன் காற்று அடிக்கிறதா, பிளக் பாயின்டில் எர்த் வருகிறதா. இது எல்லாம் முடிந்த பிறகுதான் சுவிட்சைப் போட்டு பத்துப் பதினைந்து நிமிஷம் சூடாக விடுங்கள்.

அப்புறம் எடைக்கல். ஒரே எடையில் சோதித்துவிட்டு வராதீர்கள். ஏற்றும்போது 1, 5, 10, 20, 30. இறக்கும்போதும் அதே எடைகள், தலைகீழ் வரிசையில். எல்லாவற்றையும் இறக்கிய பிறகு பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா. அதற்குப் பிறகு நான்கு மூலை: 30 கிலோ மிஷின் என்றால் 10 கிலோ கல்லை ஒவ்வொரு மூலையிலும் வைத்துப் பாருங்கள், மூன்றில் ஒரு பங்கு என்பது கணக்கு. மூலைக்கு மூலை வித்தியாசம் வந்தால் ஸ்பேனை (முழு எடைக்கு மிஷின் காட்டுகிற அளவை) தொடக் கூடாது, அது வேறு நோய்.

இதைக் குனியாமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. சேர்ந்த முதல் வருஷம், டிசம்பர் மாதம், ஏற்காட்டில் ஒரு எஸ்டேட். காப்பிப் பழம் பறிக்கிற சீசன், நவம்பரிலிருந்து ஜனவரி வரை மூச்சு விட நேரம் இருக்காது அவர்களுக்கு. சாயங்காலம் தகரக் கொட்டகையில் பெண்கள் வரிசையாக மூட்டையோடு நிற்பார்கள், எடை பார்த்துத்தான் அன்றைய கூலி. மிஷின் குறைவாகக் காட்டுகிறது என்று புகார். நான் போனேன், 30 கிலோ வைத்தேன், 29.640 காட்டியது. ஆஹா ஸ்பேன் போயிற்று என்று முத்திரை சீலை வெட்டி, காலிப்ரேஷனில் (கல்லை வைத்து எண்ணைச் சரி செய்கிற செட்டிங்கில்) நுழைந்து, 30.000 ஆக்கிவிட்டுப் பெருமையாக இறங்கினேன். இருபது கொண்டை ஊசி வளைவையும் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கினேன் என்றுகூடச் சொல்லலாம்.

மறுநாள் காலையிலேயே போன். "ஏனுங்க தம்பி, நேத்து குறைவாக் காட்டுச்சு, இன்னைக்கு எல்லாருக்கும் அதிகமாக் காட்டுது, எங்களுக்குத்தான் நஷ்டம்." சீனியரோடு மறுபடி ஏறினேன். அவர் மிஷினைப் பக்கத்தில் இருந்த மேஸ்திரியிடம் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார், டார்ச் அடித்தார், பிரஷ்ஷால் ஒரு தட்டு. காய்ந்துபோன ஒரு காப்பிப் பழம் உருண்டு விழுந்தது. பிளாட்பாரத்துக்கு அடியில், அதிக எடை ஏறினால் தாங்குவதற்கென்று ஒரு ஸ்டாப்பர் போல்ட் இருக்கும். அதற்கும் ஃபிரேமுக்கும் இருக்கிற ஒரு மில்லிமீட்டர் சந்துக்குப் பக்கத்தில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. லேசான எடைக்கு இடிக்காது, பன்னிரண்டு பதின்மூன்று கிலோவைத் தாண்டித் தட்டு இறங்கும்போது பழத்தின்மேல் உட்கார்ந்துவிடும், அதற்கு மேல் ஏறுகிற எடையில் ஒரு பங்கைப் பழம் வாங்கிக்கொள்ளும். நான் பழத்தோடு சேர்த்து காலிப்ரேட் செய்திருந்தேன். பழம் கொஞ்சம் நகர்ந்ததும் எல்லாமே அதிகம். 5 கிலோ, 10 கிலோ வைத்துப் பார்த்திருந்தால் அங்கே சரியாக இருப்பது தெரிந்திருக்கும், முப்பதில் மட்டும் குறைகிறது என்றால் எங்கோ இடிக்கிறது என்று அர்த்தம். இரண்டாவது முறை முத்திரைச் செலவு என் சம்பளத்தில் பிடித்தார்கள். பிடித்தது சரியா என்று இன்றைக்கும் எனக்கு ஒரு வழக்கு உண்டு, அது வேறு கதை.

5. மலைக்கு ஏறினால் எடை குறையும்

இதை நான் சொன்னால் புதுப் பையன்கள் சிரிப்பார்கள். சேலம் டவுன் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் பக்கம். ஏற்காடு 1,500 மீட்டர். பூமியின் மையத்திலிருந்து அவ்வளவு விலகிப் போனதால் ஈர்ப்பு விசை ஒரு துளி குறைகிறது, லோடு செல் அளப்பதோ விசையைத்தான். மலையின் சொந்த நிறை கொஞ்சம் ஈடுகட்டுவதையும் கழித்துப் பார்த்தால் பத்தாயிரத்துக்கு இரண்டரையிலிருந்து நான்கு பங்குக்குள் வரும். 30 கிலோவுக்கு 7லிருந்து 11 கிராம். கடை மிஷின் வகையில் 5 கிராம் பிரிவு (ஐந்தைந்து கிராமாக மாறிக் காட்டுவது) உள்ளதற்கு, முதல் முத்திரையின்போது 10 கிலோவுக்கு மேல் அனுமதிக்கிற பிழையே ஏழரை கிராம்தான். ஆக, கடையில் டிக் அடித்துப் பெட்டியில் போட்ட மிஷின் அடிவாரத்தைத் தாண்டும்போது பாஸ், மேலே போய் இறங்கும்போது ஃபெயில் ஆக வாய்ப்பு இருக்கிறது.

அதனால் மேலே விற்கிற மிஷினைக் கல்லைக் கொண்டுபோய் மேலேயே காலிப்ரேட் செய்யுங்கள். கல்லின் நிறை மாறாது. பழைய தட்டுத் தராசுக்கு இந்தத் தொந்தரவே கிடையாது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி குறைவதால். "அந்தக் காலத்துத் தராசுதான் கெட்டி" என்று எஸ்டேட் பெரியவர் யாராவது சொன்னால், இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வது சரிதான்.

மலைக்குப் போக காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். குளிர்காலத்தில் சாயங்காலமானால் பனிமூட்டத்தில் பத்தடி தெரியாது. பின்னால் 40 கிலோ கல் கட்டியிருந்தால் வளைவில் பைக் உங்கள் பேச்சைக் கேட்காது. இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள், பிரேக்கை மட்டும் நம்பினால் பாதி வழியில் நாற்றம் வரும். மிஷினுக்கும் பனி ஆகாது, சர்க்யூட் போர்டில் ஈரம் பூத்துவிடும். இரவில் ஒரு சாக்கைப் போட்டு மூடச் சொல்லுங்கள், பாலிதீன் வேண்டாம், உள்ளே வியர்க்கும்.

6. வெள்ளிப் பட்டறை

ஃபேனை நிறுத்தச் சொல்லுங்கள், கண்ணாடிக் கூண்டை மூடுங்கள், மூச்சை வேறு பக்கம் விடுங்கள். அமில வாடை அடிக்கிற அறையிலிருந்து மிஷினைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள், கனெக்டர் எல்லாம் பச்சை பூத்துப் போகும். தொழில்நுட்பம் அவ்வளவுதான்.

மீதி எல்லாம் நடத்தை. அங்கே தரையைக் கூட்டிய மண்ணைக்கூட எடுத்து வைப்பார்கள், அதில் வெள்ளி இருக்கிறது. நீங்கள் தட்டைக் கழற்றினால் அடியில் சாம்பல் நிறத்தில் தூசி இருக்கும். வழக்கம்போல ஊதிவிட்டீர்கள் என்றால் அவர்கள் காசை ஊதுகிறீர்கள். பையில் செய்தித்தாள் எதற்கு என்று யோசித்திருப்பீர்கள், இதற்குத்தான். மிஷினுக்கு அடியில் விரித்து, பிரஷ்ஷால் அதில் தட்டி, மடித்து முதலாளி கையில் கொடுங்கள். வெளியே வரும்போது பையைத் திறந்து காட்டச் சொல்வதற்கு முன்னால் நீங்களே திறந்து காட்டிவிடுங்கள். யாரும் உங்களைச் சந்தேகப்படவில்லை, அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் அதுதான் முறை.

7. வே-பிரிட்ஜ்

இதைத் தனியாகப் போய்ப் பார்க்கிற தகுதி வர ஒரு வருஷமாவது ஆகும். ஆனாலும் சில விஷயங்கள் இப்போதே தெரிந்திருக்கட்டும்.

குழியுள்ள பிரிட்ஜ் என்றால் இறங்குவதற்கு முன்னால் டார்ச் அடித்து, கம்பியால் தட்டிச் சத்தம் போடுங்கள். பாம்பு இருக்கும். இருக்கலாம் என்று சொல்லவில்லை. எலி இருக்கிற இடம் அது, எலி ஒயரைக் கடிக்க வருகிறது, பாம்பு எலிக்கு வருகிறது. லாரி டிரைவரிடம் சொல்லி வண்டியைத் தள்ளி நிறுத்தி, சாவியை வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

முதல் சோதனை எளிது. ஒரே லாரியை முன்பக்கம், நடுவில், பின்பக்கம் என்று மூன்று இடத்தில் நிறுத்திப் பாருங்கள். மூன்றும் ஒன்றாக இருந்தால் செல்கள் நன்றாக இருக்கின்றன என்று எடுத்துக்கொண்டு வேறு இடம் தேடலாம். ஒரு பக்கம் மட்டும் விலகினால் ஜங்ஷன் பாக்ஸை (எல்லா செல் ஒயரும் வந்து சேருகிற பெட்டியை) திறந்து ஒவ்வொரு செல்லாகக் கழற்றி அளந்து பாருங்கள். இன்சுலேஷன் பார்க்க 500 வோல்ட் மெகரை லோடு செல்லில் வைக்காதீர்கள், 50 வோல்ட்டுக்கு மேல் அதற்கு ஆகாது. அப்புறம், பிளாட்பாரத்தில் வெல்டிங் வைக்கிற பழக்கம் இங்கே எல்லா ஆலையிலும் உண்டு. வெல்டிங் எர்த்தைத் தூரத்தில் எங்கோ மாட்டிவிட்டு மேலே பற்றவைத்தால் கரன்ட் முழுதும் லோடு செல் வழியாகத்தான் போகும், ஒரே நாளில் நான்கு செல் காலி. வெல்டிங் வைத்தே ஆக வேண்டும் என்றால் செல் கனெக்டரை எல்லாம் கழற்றச் சொல்லுங்கள், எர்த்தை வேலை நடக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். இதை ஒரு அட்டையில் எழுதி கேபினில் ஒட்டிவிட்டு வாருங்கள். கிழிப்பார்கள், மறுபடி ஒட்டுங்கள்.

சேகோ ஆலையில் இன்னொன்று. கிழங்குக்கு விலை எடைக்கு மட்டும் இல்லை, மாவுச்சத்தைப் பாயிண்டில் சொல்லி, பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்று டன் விலை போடுவார்கள். அதனால் கிழங்கு கொண்டுவந்த விவசாயி வே-பிரிட்ஜையும் பாயிண்ட் பார்க்கிற தராசையும் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார். நீங்கள் வேலை செய்யும்போது பக்கத்தில் வந்து நிற்பார். விரட்டாதீர்கள். எடைக்கல்லை வைக்கும்போது அவர் பார்க்கிற மாதிரி வையுங்கள்.

8. சீல்

சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009இன்படி எடை மிஷினை ரிப்பேர் செய்ய உரிமம் வேண்டும். உங்கள் கம்பெனிக்கு இருக்கிறதா என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள், கேட்பதில் வெட்கம் வேண்டாம். மிஷினில் முத்திரை போடுவது நம் வேலை இல்லை, தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் வேலை. எலக்ட்ரானிக் மிஷினுக்கு வருஷத்துக்கு ஒருமுறை. ஈய சீலில் வருஷமும், எந்தக் காலாண்டு என்பதற்கு ஒரு ஆங்கில எழுத்தும் இருக்கும், அதைப் படிக்கப் பழகுங்கள். ரிப்பேருக்காக சீலை வெட்டினால் மறு முத்திரை போடும்வரை அதில் வியாபாரம் செய்யக்கூடாது என்பதைக் கடைக்காரரிடம் வெட்டுவதற்கு முன்னாலேயே சொல்லி, ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வெட்டிய பிறகு சொன்னால் சண்டை.

யாராவது ஒருவர், நிச்சயமாக முதல் ஆறு மாதத்துக்குள், டீ வாங்கிக் கொடுத்து, தோளில் கை போட்டு, "கிலோவுக்கு ஒரு இருபது கிராம் மட்டும் பார்த்துப் பண்ணுங்க தம்பி" என்பார். கோபப்பட வேண்டாம், பிரசங்கமும் வேண்டாம். "அது போர்டிலேயே லாக் ஆகியிருக்குதுண்ணா, என் கையில் இல்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். பொய்தான், பரவாயில்லை. அலுவலகத்துக்கு வந்ததும் மேனேஜரிடம் சொல்லிவிடுங்கள், நாளைக்கு அவரே வேறு யாரையோ வைத்துச் செய்துவிட்டு உங்கள் பெயரைச் சொல்லக்கூடும்.

9. ரிப்போர்ட், காசு, சாப்பாடு

சர்வீஸ் ரிப்போர்ட்டில் "சரி செய்யப்பட்டது" என்று மட்டும் எழுதாதீர்கள். வந்தபோது எந்த எடைக்கு என்ன காட்டியது, போகும்போது என்ன காட்டுகிறது, இரண்டையும் எண்ணாக எழுதுங்கள். கையெழுத்து வாங்கும் முன்னால் கடைக்காரரையே ஒரு கல்லை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அவர் கையால் வைத்துப் பார்த்ததை அவர் மறக்கமாட்டார், மறுநாள் "பழைய குருடி கதவைத் திறடி" என்று போன் பண்ணமாட்டார். ரசீது இல்லாமல் காசு வாங்காதீர்கள், ஐம்பது ரூபாயாக இருந்தாலும்.

ஏப்ரல், மே வெயிலில் இரண்டு மணிக்கு பைக் ஓட்டாதீர்கள், எதாவது ஆலை நிழலில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். மதியம் மெஸ்ஸில் அளவாகச் சாப்பிடுங்கள். வயிறு முட்டப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு குழிக்குள் குனிந்து பார்த்தால் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் மீட்டர், டார்ச், போன் மூன்றையும் சார்ஜில் போடுங்கள். அப்புறம் எடைக்கல்லைப் பைக்கிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். உள்ளே எடுத்து, காட்டன் துணியால் துடைத்து, பெட்டியில் வையுங்கள். வெளியே நனைந்தால் துருப் பிடிக்கும், துரு ஏறும்போது எடை கூடும், உதிரும்போது குறையும், நாளைக்கு ஐந்து கடையில் அதை வைத்துத்தான் சரியா தப்பா என்று சொல்லப் போகிறீர்கள்.